இரண்டு பதாகைகளுக்கு நடுவே

மலாக்காவின் குருபோங்கில் ஒரு லோரி நிறுவனத்து அலுவலகத்தில் வேலை செய்கிறவள் தேவமலர். எந்த லோரி எங்கே டயர் வெடித்து நிற்கிறது, எந்த டிரைவர் கோபித்துக்கொண்டு சாவியை வைத்துவிட்டுப் போனான் என்பதெல்லாம் அவளிடம் வந்த பிறகுதான் முதலாளியின் காதுக்கே போகும். அலுவலகத்துக்கு வெளியே, சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் இருக்கும் தமிழ் வீடுகளில், அவளுடைய பெயர் பலருக்குத் தெரியாது. அங்கே அவள் 'பேஜ் அக்கா'.

அந்தப் பெயர் அவள் கணவன் காளிதாஸால் வந்தது. அதே நிறுவனத்தில் லோரி ஓட்டியவன் அவன். நாற்பது வயதிலேயே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் ஊசியும் குழாயுமாகப் படுத்திருப்பான். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தேவமலர் உட்கார்ந்திருப்பாள். மையத்தில் கொடுத்த தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தோட்டத்திலிருந்து வந்திருந்த பெண்கள் அவற்றை வாங்கிப் பணிவாகத் தலையாட்டி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள், காளிதாஸுக்கு அடுத்த படுக்கைக்காரர் வீட்டில் காய்த்த பிளிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தை ஆசையாய்த் தின்றுவிட்டு நினைவில்லாமல் விழுந்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தப் பழம் விஷம் என்று தாளில் இருந்தது. அவர் மனைவியின் பையிலும் அந்தத் தாள் இருந்தது.

தேவமலர் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் நூல்நிலையத்தில் இலவசமாக நடந்த கணினி வகுப்புக்குப் போய், தட்டுத்தடுமாறித் தமிழில் ஓர் அகப்பக்கத்தை உருவாக்கினாள். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது, எந்த மையத்தில் இடம் காலியாக இருக்கிறது, நோயாளிகளை ஏற்றிப் போகும் வேன் எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் பேசுகிற தமிழிலேயே எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே அன்றாட அறிவிப்பு ஒன்று இருக்கும். இன்றைக்கு எந்த மையம் மூடல், மூடியிருந்தால் எங்கே போகவேண்டும் என்பது அதில் வரும். சனங்கள் அதிகம் பார்த்தது அந்த மூன்று வரியைத்தான். காளிதாஸ் போய்ச் சேர்ந்த மறுவாரமே அவள் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சும்மா இருந்தால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

அகப்பக்கத்துக்கும் வேனுக்கும் ஆகிற செலவைச் சிறுநீரகத் துணைக் கழகம் என்ற சிறிய சங்கம் பார்த்துக்கொண்டது. அதன் தலைவர் சேகரன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், புக்கிட் காத்திலில் வீடு. தீபாவளிக்கு முந்தின மாதம் அகப்பக்கத்தில் நன்கொடைப் பதாகை ஒன்று போடவேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். வேன் ஓடுவதே அந்த ஒரு மாத வசூலில்தான்.

இந்த வருடம் அந்த மாதத்தில் திவ்யதர்ஷினி வந்து சேர்ந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கும் நோயாளிகள் சிகிச்சைக்கு எப்படிப் போய் வருகிறார்கள், எத்தனை பேர் வண்டி கிடைக்காமல் தவறவிடுகிறார்கள் என்பதுதான் அவள் ஆய்வு. அகப்பக்கத்தில் ஓர் அறிவிப்பு போட்டு, அதைத் தொட்டால் கேள்விகள் திறக்கும்படி செய்யவேண்டும் என்று கேட்டாள். தேவமலருக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போனது. இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

சேகரன் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள்.

"இங்க பாரும்மா," என்றார் சேகரன். "தீபாவளிக்கு முந்தின மாசந்தான் நம்ம சனம் பணப்பைய அவுக்கும். அந்த நேரத்துல நீ வந்து 'அஞ்சு நிமிஷம் கேள்விக்குப் பதில் சொல்லுங்க'ன்னு நின்னா, பதில் சொன்னதே பெரிய உதவின்னு நெனச்சிட்டுப் போயிடுவாங்க லா. அடுத்த வருஷம் வெச்சிக்க."

"அடுத்த வருஷம் முடியாது சார். எனக்குக் குடுத்த பர்மிஷன் இந்த மாசத்தோட முடியுது. நியாயமாப் பாத்தா உங்க பேனருக்குப் பக்கத்துல என் சர்வே வரவே கூடாது. காசு குடுத்தாத்தான் பதில் சொல்லலாம்னு ஆளுங்க பயந்துடுவாங்க. டேட்டா எல்லாம் கெட்டுப்போயிடும்."

"அப்ப என் பேனரை எடுக்கச் சொல்றியா?"

"ரெண்டு வாரம் மட்டும் சார்."

"ரெண்டு வாரம் எடுத்தா வேன் ரெண்டு மாசம் நிக்கும். யாரு பதில் சொல்றது?"

தேவமலர் குறுக்கே புகுந்தாள். "ரெண்டும் ஒரே நேரத்துல வேணாம் அண்ணே. பாதி மாசம் ஒன்னு, பாதி மாசம் ஒன்னுன்னு போட்டுடலாம்."

இரண்டு பேரும் கேட்கவில்லை. கடைசியில் சண்டை வேண்டாம் என்று அவளே ஒரு வழி செய்தாள். பக்கத்தின் மேலே நன்கொடைப் பதாகை, கீழே ஆய்வு அறிவிப்பு, நடுவில் வழக்கம்போல் அன்றாட அறிவிப்பு. இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஆனால் மறுநாளே சேகரன் போன் செய்து, பக்கத்தை நகர்த்தினால் தன்னுடையது மறைந்துபோகிறது, நகராமல் நிற்கிற மாதிரி செய் என்றார். செய்தாள். அதைப் பார்த்துவிட்டுத் திவ்யாவும் போன் செய்தாள். "அக்கா, அப்ப என்னோடதும் அதே மாதிரி நிக்கணும் இல்ல? அதான் ஃபேர்." அதையும் செய்தாள். பிறகு அவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பிறகு இவள் சொன்னாள். தேவமலர் அலுவலகத்துப் பெரிய கணினியில் திறந்து பார்த்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் அறிவிப்பு, எல்லாம் பார்க்க அழகாகவே இருந்தது. அப்பாடா என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரிய தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்து, ஊரில் பாதிக்குத் தண்ணீர் நின்றுபோனது. தண்ணீர் இல்லாமல் ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் ஓடாது. மறுநாள் திங்கட்கிழமை ஒரு மையத்தை மூடவேண்டியதாயிற்று. தேவமலர் விடியற்காலையிலேயே எழுந்து அறிவிப்பை எழுதினாள். இன்று மையம் மூடல், எல்லாரும் குருபோங் பக்கத்து மையத்துக்கு வாருங்கள், மூடிய மையத்தின் வாசலிலிருந்து மத்தியானம் வேன் புறப்படும் என்று சிவப்பு எழுத்தில் போட்டாள். மையத்துத் தாதி மங்களமும் தன் பங்குக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் போன் செய்தாள். கிடைக்காத சிலர் அகப்பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்கள் என்று இருவருமே நம்பினார்கள். எப்போதும் அப்படித்தான் நடந்து வந்தது.

அன்று சாயங்காலம் சேகரன் மகிழ்ச்சியாகக் கூப்பிட்டார். "மலரு, கணக்கப் பாத்தியா? இன்னிக்கு மட்டும் டொனேஷன் பக்கத்துக்கு வந்தவங்க எப்பவும் வர்றதவிட மூணு மடங்கு! தண்ணி இல்லாம கஷ்டப்படுற நேரத்துல கூட நம்ம ஆளுங்க மனசப் பாரு!"

"காசு வந்துச்சா அண்ணே?"

"அது மெதுவா வரும் லா. வந்து பாக்குறாங்கல்ல, அதுவே பெரிசு."

தேவமலருக்கும் மனம் குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அலுவலகத்தில் இருந்தபோது மங்களம் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "மலர், தங்கராஜு அண்ணன் விழுந்துட்டாரு. நேத்து அவரு சுத்திகரிப்புக்கே வரல. ஐசியூவுல போட்டிருக்காங்க. அவரு நம்பர மாத்தியிருக்காரு, எங்கிட்ட இருந்தது பழைய நம்பர். ஆனா பேஜ்ல பாத்திருக்கணுமே?"

தங்கராஜுவைத் தேவமலருக்கு நன்றாகத் தெரியும். புக்கிட் காத்திலில் ஒரு தாமான் வாசலில் காவலாளி வேலை. காளிதாஸோடு ஒரே நேரத்தில் சிகிச்சைக்குப் படுத்தவர். வெள்ளிக்கிழமை சுத்திகரித்தால் அடுத்தது திங்கட்கிழமைதான். வாரத்திலேயே நீளமான இடைவெளி அது. அதையும் தவறவிட்டால் என்ன ஆகும் என்று தேவமலருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மருத்துவமனைக்கு வண்டியைப் பறக்கவிட்டாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தங்கராஜுவின் மகள் புனிதா தொழிற்சாலைச் சீருடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். தேவமலரைப் பார்த்ததும் அழவில்லை.

"நேத்து நீங்க ஏன் அக்கா போடல?" என்று கேட்டாள்.

"என்னம்மா?"

"சென்டர் மூடியிருக்குன்னு ஏன் போடல? தண்ணி கட்டுன்னு தெரிஞ்சதும் காலையில ஷிஃப்ட்டுக்குப் போற முன்னால உங்க பேஜைத்தான் பாத்தேன். ஒன்னுமே இல்ல. ஒன்னும் இல்லன்னா திறந்திருக்கும்னுதானே அர்த்தம்? நான்தான் அப்பாவைப் போகச் சொன்னேன். வெயில்ல போயி மூடின கதவுக்கு முன்னால உக்காந்துட்டு, மத்தியானத்துக்கு முன்னாலேயே திரும்பி வந்திருக்காரு. கதவுல ஒட்டியிருந்த நம்பருக்கு அடிச்சா லைனே கிடைக்கலையாம். சரி, புதன்கிழமை பாத்துக்கலாம்னு நேத்து என்கிட்ட கூட சொல்லல, இன்னிக்கு காலையில விழுறப்பதான் சொன்னாரு. தாகத்துக்கு எளநீ வேற வாங்கிக் குடிச்சிருக்காரு."

இளநீரைத் தொடக்கூடாது என்று பக்கத்தில் எழுதி வைத்ததும் தேவமலர்தான். "நான் போட்டேன் புனிதா. சிவப்பு எழுத்துல போட்டேன். மேலயே இருக்கு."

புனிதா தன் கைப்பேசியை எடுத்துத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க இருக்கு? காட்டுங்க."

தேவமலர் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள்.

அந்தச் சின்னத் திரையில் பாதிக்கு மேல் நன்கொடைப் பதாகை அடைத்திருந்தது. கூப்பிய இரண்டு கைகள், பெரிய எழுத்து, பச்சைப் பொத்தான். கீழிருந்து ஆய்வு அறிவிப்பு ஏறி வந்து மீதியையும் அடைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் ஏதோ சிவப்பாக இருந்தது. எழுத்து என்றுகூடச் சொல்ல முடியாது, எழுத்தின் கால்கள் மட்டும். விரலால் தள்ளினால் எழுத்து மேலே நகர்ந்து பதாகைக்கு அடியில் மறைந்தது, பதாகைகள் நகரவில்லை. ஆய்வு அறிவிப்பை மூடுவதற்கான பெருக்கல் குறி மேலே துருத்திப்போய் நன்கொடைப் பொத்தானுக்கு அடியில் மாட்டியிருந்தது. தேவமலர் அதைத் தொட்டாள். நன்கொடைப் பக்கம் திறந்தது. திரும்பி வந்து மறுபடி தொட்டாள். மறுபடி நன்கொடைப் பக்கம்.

"அதேதான்," என்றாள் புனிதா. "நாலு தடவ அமுக்கினேன். எல்லாம் காசு கேக்குது, இல்லன்னா கேள்வி கேக்குது. விளம்பரம் போலன்னு விட்டுட்டேன்."

தேவமலர் தன் கைப்பேசியைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள். தன் கைப்பேசியில் ஒருநாளும் இதை அவள் பார்த்ததில்லை. அந்தக் கைப்பேசியில் மட்டும் அவள் எப்போதும் நிர்வாகியாக உள்ளே நுழைந்தே இருப்பாள். நிர்வாகிக்குப் பதாகை எதுவும் காட்டாதபடி அமைத்ததும் அவள்தான். மலாக்காவில் அந்தப் பக்கம் ஒழுங்காகத் தெரிந்த ஒரே கைப்பேசி அவளுடையதுதான் போலிருக்கிறது.

சேகரன் சொன்ன மூன்று மடங்கு அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் நன்கொடை கொடுக்க வந்தவர்கள் இல்லை. தண்ணீர் இல்லை என்று தெரிந்து, இன்று எங்கே போவது என்று பார்க்க வந்து, பெருக்கல் குறியை அமுக்கி அமுக்கிப் பார்த்தவர்கள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் கைப்பேசியிலிருந்தே இரண்டு பதாகைகளையும் எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை.

கேட்காமல் எடுத்தது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துபோனது. முதலில் சேகரன் கூப்பிட்டார். நடந்ததை அவள் சொல்லி முடிக்கும் முன்பே, "அந்தாளு மக எந்த பேனர அமுக்கிச்சு? அந்தப் பொண்ணோட சர்வேயத்தானே மூடப் பாத்திருக்கு? நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல?" என்றார். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்த திவ்யாவுக்கும் அவள் விவரம் எழுதியிருந்தாள்; அதற்குள் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'அக்கா, டொனேஷன் பேனர்தான் மேல வந்து மறைச்சிருக்கு இல்ல? யுனிவர்சிட்டில கேட்டா நான் அப்படிச் சொல்லலாமா?'

தேவமலர் இரண்டையும் நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்:

"அண்ணே, அவரு உசிரோட இருக்காரா இல்லையான்னு நீங்க இன்னும் கேக்கல."

போனை வைத்துவிட்டு அதே வரியைத் திவ்யாவுக்கும் அனுப்பினாள்.

சேகரன் அன்று மத்தியானமே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்த மங்களம் அதைப் பார்த்துப் பதறிப்போய் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ சார், பொட்டாசியம் ஏறித்தான் இவரு படுத்திருக்காரு! இதைப் போயி வாங்கிட்டு வந்திருக்கீங்களே! பேஜ்ல தின்னக்கூடாததுல மொதல்ல இருக்கிறதே வாழைப்பழந்தானே!" இத்தனை வருடம் கழகத்துக்குத் தலைவராக இருந்தும் அந்தப் பக்கத்தில் பதாகையைத் தவிர வேறு எதையும் சேகரன் படித்ததில்லை என்பது, கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் அப்போது தெரிந்துவிட்டது. அவர் புனிதாவுக்கு எதிரே போய்க் கைகட்டி நின்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திவ்யாவும் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆய்வு முடியும்வரை பதில்களைத் திறந்து பார்க்கக்கூடாது என்பது அவளுக்கு விதி. தேவமலர் அனுப்பிய வரியைப் படித்ததும், விதியாவது ஒன்றாவது என்று திறந்துவிட்டாளாம். "நீங்க வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களான்னு கடைசியா ஒரு கேள்வி வெச்சிருந்தேன் அக்கா," என்றாள். கைப்பேசியைத் தேவமலரிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை வந்த பதில்கள் அவை. 'இன்னிக்கு சென்டர் திறந்திருக்கா?' என்று ஒருவர். 'எங்க போகணும், யாராவது சொல்லுங்க' என்று இன்னொருவர். 'எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குது' என்று ஒருவர். வேறு எங்கே கேட்பது என்று தெரியாமல், திறந்த பெட்டியில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

யார் எழுதியது என்று தெரியவும் வழியில்லை. பெயர் கேட்கக்கூடாது என்பதும் அந்த ஆய்வின் விதி. மங்களமும் தேவமலரும் திவ்யாவும் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து, திங்கட்கிழமை வந்திருக்கவேண்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். மூச்சு வாங்கிய அம்மாவை அவள் மகன் அன்றைக்கே கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் விசாரித்து எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தார்கள். விடுபட்டவர் தங்கராஜு ஒருவர்தான். அதைக் கேட்டுத் திவ்யா குலுங்கிக் குலுங்கி அழுதாள். தேவமலருக்கு அழுகை வரவில்லை.

தங்கராஜு பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் அவர் கேட்டது தன் வேலையைப் பற்றி. காவல் சாவடியில் தனக்குப் பதிலாக யார் நிற்கிறார்கள் என்று. ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, இனி அந்த வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேவமலர் படுக்கையருகே நின்று, தன்னால்தான் என்று ஆரம்பித்தாள். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். "உங்க வீட்டுக்காரரு பக்கத்துக் கட்டில்ல கெடந்தப்ப எனக்குக் கதை சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீயும் சொல்ல ஆரம்பிக்காதம்மா, தூக்கம் வருது," என்றார். அது மன்னிப்பா, களைப்பா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கழகத்தின் அடுத்த செயலவைக் கூட்டத்தில் தேவமலர் விலகுவதாகச் சொன்னாள். சேகரன்தான் விடவில்லை. "நீ போயிட்டா நான்தானே பாக்கணும்? வாழைப்பழம் வாங்கிட்டுப் போனவன் நான்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தின் மேல்பகுதி அன்றாட அறிவிப்புக்கு மட்டும் என்று முடிவானது. நன்கொடை கேட்பது பக்கத்தின் அடியில் ஒரே வரியாகப் போனது. இந்த வருடம் வசூல் குறைந்துதான்போனது. வேன் இப்போது எல்லா வழியிலும் ஓடுவதில்லை, தோட்டப்பக்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு வாடகைக் காடி பிடித்து வருகிறார்கள். திவ்யா தன் மேற்பார்வையாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, வந்த பதில்களைக் கைவிட்டாள். மறுபடி அனுமதி வாங்கி, இப்போது மையம் மையமாகப் போய் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள்.

தேவமலர் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நோயாளிகளின் கைப்பேசியை வாங்கித் திறந்து பார்க்கிறாள். கண்ணாடி உடைந்தது, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தது, பேரப்பிள்ளை விளையாடிப் பழசானது என்று எல்லாவற்றிலும் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போகிறாள்.

புனிதா மட்டும் அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அப்பாவுக்குச் சுத்திகரிப்பு உள்ள நாளில், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தேவமலருக்கு நேராகப் போன் செய்வாள். சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்ற பேச்செல்லாம் கிடையாது.

"இன்னிக்கு திறந்திருக்கா?"

"திறந்திருக்கு புனிதா. தண்ணி இருக்கு. மங்களம் வந்துட்டா."

"சரி."

போன் வைக்கப்படும். தேவமலர் ஒருநாளும் 'பேஜ்ல போட்டிருக்கேனே' என்று சொன்னதில்லை.